கொயினாவின் வரத்தும் கிராக்கியும்

மருந்துக் கடையில் சீட்டை நீட்டினால் மாத்திரை கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது, அன்றைய தினம் அது அந்தக் கடையில் இருப்பதற்காக யார் யார் எத்தனை காலத்துக்கு முன்பே உழைத்தார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நோய்க்குப் பஞ்சாங்கம் கிடையாது. எந்த மாதத்தில், எந்த ஊரில், எத்தனை பேரை அது பற்றும் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. மருந்து செய்வோரோ பல மாதங்களுக்கு முன்பே, சில மருந்துகளுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தம் வேலையைத் தொடங்கியாக வேண்டும். ஏறியும் இறங்கியும் வரும் தேவைக்கு ஏற்ப மருந்தின் வரத்தை அவர்கள் எவ்வாறு சரிக்கட்டி வந்திருக்கிறார்கள் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். பல மருந்துகளைப் பற்றி மேலெழுந்தவாரியாகப் பேசுவதைவிட, ஒரே மருந்தின் சரித்திரத்தைத் தொடர்ந்து பார்ப்பது நலம் என்று கருதுகிறேன். அந்த மருந்து கொயினா.

சரித்திரத்துக்குள் புகுமுன் இரண்டு சொற்களைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். கடைவீதியில் கிராக்கி என்கிறோம். வீட்டில் தேவை என்கிறோம். கையில் காசுடன் வந்து கேட்பவர்களின் தொகை கிராக்கி. காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருந்து வேண்டியிருப்பவர்களின் தொகை தேவை. பட்டுப் புடவையின் விஷயத்தில் இவ்விரண்டும் வேறுபட்டால் பெருந்தீங்கு ஒன்றுமில்லை. மருந்தின் விஷயத்தில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெளியில் மனிதர்கள் மடிகிறார்கள். கொயினாவின் கதை முழுவதும் இந்த வெளியைப் பற்றியதே.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சரிவுகளில் வளர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டை, குளிர்காய்ச்சலைத் தணிக்கும் என்பதை ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டில் அறிந்தனர். ஏசு சபைப் பாதிரிமார் அதைப் பரப்பியமையால் பாதிரிமார் பட்டை என்றே அது பெயர் பெற்றது. இருநூறு ஆண்டுகளுக்கு அருகில் அதைப் பொடியாக்கி, மதுவில் கலந்து குடித்து வந்தார்கள். ஒரு பட்டையில் சத்து மிகுதியாக இருக்கும். மற்றொன்றில் ஒன்றுமே இராது. 1820ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருந்தியலாளர்களான பெல்லத்தியேயும் காவந்தூவும் பட்டையிலிருந்து அதன் சாரத்தைத் தனியே பிரித்து எடுத்தனர். அதுவே கொயினா. அன்று முதல் மருந்தை எடை போட்டுக் கொடுக்கவும் தரம் சோதிக்கவும் முடிந்தது. மருந்துத் தொழிற்சாலை என்னும் அமைப்பு உலகில் வேரூன்றியதற்கு இக்கண்டுபிடிப்பு ஒரு பெருங்காரணம்.

தொழிற்சாலையில் நடக்கும் வேலை அவ்வளவு கடினமானதன்று. உலர்ந்த பட்டையை அரைத்து, சுண்ணாம்பு சேர்த்து, எண்ணெயில் சாரத்தை இறக்கி, பின்னர் கந்தக அமிலத்தின் துணையால் உப்பாகப் படிய வைப்பார்கள். இவையெல்லாம் சில நாட்களில் முடியும். ஆனால் மரம் நட்டுப் பட்டை உரிக்க ஏழெட்டு ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். தொழிற்சாலையின் காலம் ஒன்று. மரத்தின் காலம் வேறொன்று. காய்ச்சலின் காலமோ இரண்டுக்கும் கட்டுப்படாதது. இம்மூன்றையும் ஒருங்கே இணைக்க முயன்றவர்களின் வெற்றியும் தோல்வியுமே நாம் காணப் போவது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிராக்கி மிகுந்தது. காட்டில் வளர்ந்த மரங்களை வெட்டிக்கொண்டே போனால் ஒருநாள் அவை தீர்ந்துவிடும் என்ற அச்சமும் எழுந்தது. இந்தியாவில் தம் படையையும் அதிகாரிகளையும் காய்ச்சலிலிருந்து காக்க வேண்டிய ஆங்கில அரசாங்கம், 1859இல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவரும் ரிச்சர்டு ஸ்புரூஸ் முதலிய தாவர அறிஞர்களும் சேகரித்த கன்றுகளும் விதைகளும் நீலகிரிக்கு வந்து சேர்ந்தன. உதகமண்டலத்துத் தோட்டத்தின் தலைவராக இருந்த மக்கைவர் அவற்றை வளர்த்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசாங்கத் தோட்டங்கள் எழுந்தன. மரத்தை வெட்டிவிடாமல் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிவைத்தால் புதுப்பட்டை வளரும் என்பதை மக்கைவர் கண்டறிந்தார். ஒரே மரத்தில் மீண்டும் மீண்டும் அறுவடை செய்யும் இம்முறை, மரத்தின் நீண்ட காலத்தைச் சற்றே சுருக்க மனிதன் செய்த முதல் முயற்சி எனலாம்.

இங்கே சென்னை மாகாணம் செய்த மற்றொரு பணியையும் மாணவர்கள் அறிய வேண்டும். சிங்கோனாப் பட்டையில் கொயினாவோடு வேறு மூன்று சாரங்களும் உண்டு. நீலகிரியில் நன்கு வளர்ந்த செம்பட்டை இனத்தில் கொயினா குறைவாகவும் மற்றவை மிகுதியாகவும் இருந்தன. அவற்றை வீணென்று எறிந்துவிடுவதா? 1866இல் அமைக்கப்பட்ட குழு ஒன்று நான்கு சாரங்களையும் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. மற்ற மூன்றும் கொயினாவுக்கு ஏறத்தாழ ஈடானவையே என்று தெரியவந்தது. நான்கும் கலந்த மலிவான காய்ச்சல் மருந்து இதன் பயனாகப் பிறந்தது. விலையுயர்ந்த தூய சரக்கு வெளிநாட்டுச் சந்தையின் கிராக்கிக்கு உரியது. கலப்பு மருந்து நம் கிராமத்தின் தேவைக்கு உரியது. 1892இல் வங்காளத்தில் கொயினாவைச் சிறு பொட்டலமாகக் கட்டி, ஒரு பைசாவுக்கு ஒன்றாகத் தபால் நிலையங்களில் விற்கத் தொடங்கினார்கள். மருத்துவமனை இல்லாத ஊரிலும் தபால் நிலையம் இருக்கும் அன்றோ? மருந்தைச் செய்வதோடு கடமை முடிவதில்லை, கையில் சேர்ப்பதும் அதைச் சார்ந்ததே என்பதை இச்சிறு பொட்டலம் காட்டுகிறது.

இனிக் கடல் கடந்து இலங்கைக்குச் செல்வோம். அங்கே 1869இல் காப்பிச் செடியின் இலையில் துருநோய் தோன்றிற்று. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழியத் தலைப்பட்டன. அப்பொழுது கொயினாவின் விலை உச்சத்தில் இருந்தது. தோட்டக்காரர்கள் காப்பியைப் பிடுங்கிவிட்டுச் சிங்கோனாவை நட்டார்கள். 1883இல் சுமார் 64,000 ஏக்கர் பரப்பில் சிங்கோனா நின்றது. நட்ட கன்றுகள் முதிர்ந்தபோது பட்டை மலையாகக் குவிந்தது. 1886இல் மட்டும் ஒன்றரைக் கோடி இராத்தலுக்கு மேல் இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. உயர்ந்த விலையைக் கண்டு அனைவரும் ஒரே காலத்தில் நட்டமையால் விளைச்சலும் ஒரே காலத்தில் வந்தது. விலை தலைகுப்புற வீழ்ந்தது. பட்டையை உரிக்கும் கூலிக்கும் கட்டாத நிலை வந்தபோது மரங்களைப் பிடுங்கி எறிந்து தேயிலையை நட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளரின் கைகளே இம்மூன்று பயிர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நட்டன.

இதில் ஒரு முரண்பாடு தெரிகிறது. விலை வீழ்ந்ததனால் ஏழைகளுக்கு மருந்து எளிதாயிற்று. ஆனால் அதே வீழ்ச்சி தோட்டங்களை அழித்தமையால் பிற்காலத்துக்குரிய மருந்தும் அழிந்தது. இன்றைய விலையைப் பார்த்து நடப்பவன் எட்டு ஆண்டுகளுக்குப் பின்வரும் சந்தைக்கு அல்லவா விதை போடுகிறான்!

இந்தப் புயலில் நிலைத்து நின்றது ஒரு தீவு மட்டுமே. 1865இல் சார்லஸ் லெட்ஜர் என்னும் ஆங்கில வணிகர், பொலிவியாவின் மிகச் சிறந்த மரங்களின் விதையைக் கொணர்ந்தார். அவ்விதையைப் பொறுக்கித் தந்தவர் மானுவேல் இங்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர். விதையை வெளியே கொடுத்த குற்றத்துக்காகப் பின்னாளில் அவர் சிறைப்பட்டு அடிபட்டு உயிர் துறந்தார். ஆங்கில அரசாங்கம் அவ்விதையை வேண்டாமென்றது. டச்சுக்காரர் சுமார் ஓர் இராத்தல் எடையுள்ள விதையை வாங்கி ஜாவாவில் இட்டார்கள். அதில் முளைத்த மரங்களின் பட்டையில் கொயினா நூற்றுக்குப் பத்துக்கு மேலும் இருந்தது. மற்ற நாட்டுப் பட்டைகள் போட்டியிட முடியாமல் ஒதுங்கின. 1896இல் ஜாவாவின் பாண்டுங் நகரிலேயே கொயினாத் தொழிற்சாலை எழுந்தது. 1930களில் உலகக் கொயினாவில் 100க்கு 90 பங்குக்கு மேல் ஜாவாவின் மரங்களிலிருந்தே வந்தது.

விலை ஏறுவதும் வீழ்வதுமாக இருந்த நிலையை மாற்ற, 1913இல் ஜாவாத் தோட்டக்காரர்களும் தொழிற்சாலை முதலாளிகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆம்ஸ்டர்டாம் நகரில் கீனா பீரோ என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. பட்டைக்குக் குறைந்தபட்ச விலை இவ்வளவு, ஒவ்வொரு தோட்டமும் தர வேண்டிய பங்கு இவ்வளவு என்று அது வரையறுத்தது. இதனால் விளைந்த நன்மையை மறைக்கலாகாது. தோட்டக்காரனுக்கு நாளைய விலை தெரிந்தது. ஆகவே மரத்தைப் பிடுங்கவில்லை. தொழிற்சாலைக்கு ஒழுங்காகப் பட்டை கிடைத்தது. கையிருப்பும் வைக்க முடிந்தது. வரத்தும் கிராக்கியும் தராசின் இரு தட்டுகள்போல் சமமாக நின்றன. ஆயினும் அத்தராசில் தேவைக்கு இடமில்லை. விலையைத் தாங்கி நிறுத்துவதற்காக உற்பத்தியைக் குறைத்தார்கள். காய்ச்சலால் நடுங்கிய கோடிக்கணக்கான ஏழைகள் கணக்கில் வரவேயில்லை. 1928இல் அமெரிக்க அரசாங்கம் இக்கூட்டமைப்பின் மீது வழக்கே தொடர்ந்தது.

திடீரென எழும் தேவை எவ்வாறு இருக்கும் என்பதற்கு மீண்டும் இலங்கையே சான்று. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் கொசு அக்குட்டைகளில் பெருகிற்று. அந்நோய் மிகுதியாக இல்லாத ஈரமான மேற்குப் பகுதிகளில் அவ்வாண்டின் இறுதியில் காய்ச்சல் காட்டுத்தீயெனப் பரவியது. சில மாதங்களில் சுமார் 80,000 பேர் இறந்தனர். அரை நூற்றாண்டுக்கு முன் உலகுக்கே சிங்கோனாப் பட்டையை அனுப்பிய நாடு அது. மரங்கள் இருந்த இடத்தில் தேயிலை இருந்தது.

இனி வருவது 1942ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஜாவா ஜப்பானியர் வசமாயிற்று. அதற்கு முன்பே, 1940இல், ஆம்ஸ்டர்டாமும் அங்கிருந்த கொயினா இருப்பும் ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டன. உலகின் மருந்துக்கு ஒரே ஊற்று இருந்தது; அந்த ஊற்று ஒரே வாரத்தில் அடைபட்டது. நேச நாட்டுப் படைகளோ மலேரியா மலிந்த பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் போரிட்டுக்கொண்டிருந்தன. 1943இல் பர்மாப் போர்முனையில், காயம்பட்டு அகற்றப்பட்ட ஒவ்வொரு வீரனுக்கும் எதிராக 120 பேர் நோயால் அகற்றப்பட்டனர் என்று படைத்தலைவர் ஸ்லிம் எழுதியிருக்கிறார்.

அந்நெருக்கடியில் செய்யப்பட்டவற்றை நான் நான்காகப் பிரித்துக் காண்கிறேன். முதலாவது, இருப்பதைப் பங்கிடுதல். கொயினாவை மலேரியாவைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தலாகாது என்று அமெரிக்காவில் ஆணை பிறந்தது. மருந்துக் கடைகளில் எஞ்சிக் கிடந்த சிறு புட்டிகளையும் திரட்டிப் பொது இருப்பில் சேர்த்தார்கள். இரண்டாவது, பழைய ஊற்றைத் தேடுதல். தாவர அறிஞர்கள் கொலம்பியா, ஈக்வடார் காடுகளுக்குச் சென்று காட்டுமரப் பட்டையைத் திரட்டினார்கள். மூன்றாவது, புதிதாக நடுதல். பிலிப்பைன்ஸ் தீவுகளின் மிண்டனாவோவிலிருந்து கர்னல் ஃபிஷர் என்பவர் விதைகளோடு விமானமேறித் தப்பினார். அவை அமெரிக்காவில் முளைத்தன. கன்றுகளை கோஸ்டா ரிக்காவில் நட்டார்கள். ஆனால் அம்மரங்கள் முதிர்வதற்குள் போர் முடிந்துவிட்டது. மரத்தை அவசரப்படுத்த எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

நான்காவது முயற்சியே வென்றது. அதன் வேர் முந்தைய உலகப் போரில் இருந்தது. அப்போரில் கடல் முற்றுகையால் கொயினா கிடைக்காமல் தவித்த ஜெர்மானியர், மரத்தின் உதவியில்லாமலே மருந்து செய்ய முற்பட்டனர். சாயத் தொழிலில் அவர்களுக்கிருந்த தேர்ச்சியால், 1930களின் தொடக்கத்தில் அடப்ரின் என்ற மஞ்சள் நிற மருந்து தோன்றிற்று. மெப்பாக்ரின் என்பதும் அதுவே. 1942க்குப் பின் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல தொழிற்சாலைகள் அதைக் கோடிக்கணக்கில் செய்து குவித்தன. அதை உண்டவர்களின் தோல் மஞ்சளாயிற்று. வீண் வதந்திகள் பரவின. வீரர்கள் விழுங்க மறுத்தனர். எந்த அளவில் கொடுப்பது என்பதை நியூயார்க்கில் ஷானன் என்பவரின் குழு இரத்தத்தைச் சோதித்து வகுத்தது. ஸ்லிம், தம் வீரர்கள் உண்டார்களா என்று திடீர்ச் சோதனை செய்து, அலட்சியமாக இருந்த அதிகாரிகளைப் பதவியிலிருந்து நீக்கினார். தொழிற்சாலை செய்த மாத்திரை வயிற்றுக்குள் சென்று சேரும்வரை வரத்து முழுமை பெறுவதில்லை.

ஆனால் அதே 1943இல், போர்முனைக்கு அருகிலிருந்த வங்காளத்தின் கிராமங்களில் நிகழ்ந்தது என்ன? பஞ்சத்தால் மெலிந்த உடல்களை மலேரியா பற்றியது. இலட்சக்கணக்கானோர் அதனால் மாண்டனர். கொயினா அரிதாயிற்று, கள்ளச் சந்தையில் விலை ஏறிற்று. இந்திய அரசாங்கத் தோட்டங்கள் நாட்டுத் தேவையின் ஒரு பகுதியையே ஈடுசெய்யக்கூடிய அளவில் இருந்தன. மலிவான ஜாவாச் சரக்கு இருக்கையில் சொந்தத் தோட்டத்தை விரிப்பானேன் என்று முன்னாட்களில் எண்ணியதன் விளைவு அது. படைவீரனுடைய தேவைக்குப் பின்னே ஓர் அரசாங்கம் நின்றது. குடியானவனுடைய தேவைக்குப் பின்னே காசும் இல்லை, ஆணையும் இல்லை.

போருக்குப் பின் குளோரோகுயின் என்ற மலிவான மருந்து வந்தது. சிங்கோனாவின் காலம் முடிந்தது என்று உலகம் எண்ணிற்று. 1950களின் இறுதியில், தாய்லாந்து – கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் அம்மருந்துக்கு அடங்காத மலேரியா தோன்றியது. வியட்நாம் போரில் மீண்டும் கொயினாவைத் தேட வேண்டியதாயிற்று. வட வியட்நாமின் வேண்டுகோளால் 1967இல் சீனா தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, 1972இல் தூ யூயூ என்ற பெண் அறிஞரின் குழு ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தது. 2015இல் அவர் நோபல் பரிசு பெற்றார். நம் ஊர் மாசிப்பத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியே இம்மருந்தின் தாய். மருந்து மறுபடியும் நிலத்துக்கு வந்துவிட்டது!

அதனோடு இலங்கைத் தோட்டக்காரரின் கதையும் மறுபடி வந்தது. 2001இல் உலக சுகாதார நிறுவனம் இம்மருந்தை மற்றொன்றோடு சேர்த்துக் கொடுக்குமாறு பரிந்துரைத்தது. நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்கு மாறியபோது, 2004இல் பற்றாக்குறை ஏற்பட்டது. விதைத்ததிலிருந்து மாத்திரை ஆகும்வரை ஓராண்டுக்கு மேல் பிடிக்கும் மருந்து அது. ஆர்ட்டிமிசினினின் விலை கிலோவுக்கு 1,000 டாலரைத் தாண்டிற்று. சீனாவிலும் வியட்நாமிலும் ஆப்பிரிக்காவிலும் உழவர்கள் விரைந்து விதைத்தனர். 2007இல் விலை சுமார் 200 டாலருக்கு வீழ்ந்தது; பலர் அப்பயிரையே கைவிட்டனர். இந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்க, ஈஸ்ட் நுண்ணுயிரின் துணையால் மருந்தின் முன்பொருளைச் செய்யும் முறையை அறிவியலாளர் கண்டனர். 2013இல் இத்தாலியில் ஒரு பெரிய நிறுவனம் அம்முறையில் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஆயினும் செடியிலிருந்து எடுத்த சரக்கு அதைவிட மலிவாக வந்தமையால், சில ஆண்டுகளில் அத்தொழிற்சாலையை அந்நிறுவனம் விற்றுவிட்டது. இரண்டாவது ஊற்று வேண்டும் என்று யாவரும் ஒப்புகிறார்கள்; மலிவான நாளில் அதற்கு விலை கொடுப்பார் இல்லை.

2020ஆம் ஆண்டின் அனுபவமும் இதையே உறுதிப்படுத்துகிறது. கொரோனாத் தொற்றுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் உதவும் என்ற பேச்சு எழுந்தவுடன் உலகெங்கும் அதற்குக் கிராக்கி பொங்கிற்று. மார்ச் மாதம் இந்தியா ஏற்றுமதிக்குத் தடை விதித்து, ஏப்ரலில் தளர்த்தியது. அம்மருந்து கொரோனாவுக்குப் பயன்படவில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இடையில் மூட்டுவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் அதை நாள்தோறும் உண்டுவந்தவர்கள் பல நாடுகளில் மருந்தின்றி அலைந்தனர். ஒருவருடைய கிராக்கி மற்றொருவருடைய தேவையை விழுங்கிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இந்தச் சரித்திரத்திலிருந்து நான் அறிவது இதுதான். வரத்தைச் சரிக்கட்டும் கலைகளைத் தொழில் செய்வோர் நன்கு அறிவர். முன்கூட்டிக் கணிப்பது, இருப்பு வைப்பது, உழவனோடு பல ஆண்டு ஒப்பந்தம் செய்வது, ஒன்றுக்கு இரண்டாக ஊற்றுகளைப் பேணுவது ஆகியவை அக்கலைகள். ஆனால் இவற்றைக் கொண்டு அவர்கள் எட்டக்கூடியது கிராக்கியின் எல்லை வரைதான். அதற்கு அப்பால் தேவை வரைக்கும் மருந்தைக் கொண்டு செல்ல, நோயில்லாத நாளிலும் செலவு செய்ய ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பொதுமக்களின் அரசாங்கமே. வங்காளத்துத் தபால் பொட்டலத்தில் அந்த அறிவு இருந்தது. 1943இல் அது இல்லாமற் போயிற்று.

ஆனைமலையில், வால்பாறைக்கு அருகில், சிங்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. அரசாங்கம் அங்கே நட்ட மருந்து மரத்தால் வந்த பெயர் அது. இன்று அச்சரிவுகளில் கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. அவ்வழியே செல்லும் மாணவர்கள் பெயர்ப்பலகையைக் கண்டால் சற்றே நின்று, அம்மரத்தை அன்று நட்டது எதற்காக, பின்னர் விட்டது எதனால் என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.